சமையலறை மேடைக்குப் பொருந்துற எஸ்பிரெஸ்ஸோ மெஷின்: பாலக்கோடு வீடு, ஐம்பதாயிரம் பட்ஜெட்

பாலக்கோடு_மேடை (கேள்வி)

வணக்கம். வீட்டுக்கு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒண்ணு எடுக்கணும். ஹாலில் உட்கார்ந்தா நேரா கண்ணுல படுற இடத்துல வைக்கப்போறதால, பார்க்க லட்சணமா இருக்கணும்னு வீட்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. கிரைண்டரும் சேர்த்து 50,000 ரூபாய்க்குள்ள முடியணும்.

இடம்: எல் வடிவ மேடை, பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட், ஆழம் 24 அங்குலம். அடுப்புக்கும் மூலைச் சுவருக்கும் நடுவுல 32 அங்குலம் காலி. சுவர் இடது கைப்பக்கம் வருது. மேல் கப்போர்டோட அடிப்பலகை மேடையில இருந்து 17 அங்குல உயரம். பிளக் பாயிண்ட் ரெண்டு இருக்கு, 6 ஆம்ப் ஒண்ணு, 16 ஆம்ப் ஒண்ணு. 16-ல இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுது.

தண்ணி: மொட்டைமாடி டேங்குக்கு ஏறுறது போர் தண்ணி, ஆர்ஓ அதுலதான் இணைச்சிருக்கு. ஒகேனக்கல் தண்ணி தனியா பிடிச்சு வைக்கிறோம்.

குடிக்கிறவங்க நாலு பேர், நாலுமே பால் காபி. இப்போ வாங்குறது சிக்கரி கலந்த ஃபில்டர் தூள்.

பிடிச்ச மாடல்கள்: ஸ்மெக் க்ரீம் கலர், டெலோங்கி டெடிக்கா, பிரெவில் பாம்பினோ, காஜியா கிளாசிக். லா பவோனி லீவர் மெஷின் மேலயும் ஒரு கண்ணு. எது அடங்கும், எதுல என்ன தொல்லை வரும்?

மாடுலர்_தர்மபுரி

இவ்வளவு அளவோட கேள்வி வர்றது அபூர்வம், நன்றி. மெஷினோட தரத்தை மத்தவங்க சொல்லட்டும், நான் இடத்தை மட்டும் பார்க்கிறேன்.

17 அங்குலம்னா 43 செ.மீ. காஜியா கிளாசிக் உயரம் சுமார் 38 செ.மீ. உள்ள நுழையும், ஆனா மேல 5 செ.மீ.தான் மிச்சம். அதோட தண்ணி மூடி தலையில இருக்கிறதால, ஒவ்வொரு தடவையும் மெஷினை வெளிய இழுத்துத்தான் ஊத்தணும். இல்லைன்னா கீழ்த்தட்டை எடுத்துட்டு டேங்கை முன்பக்கமா உருவணும். டெடிக்காவும் பாம்பினோவும் சுமார் 31 செ.மீ. உயரத்துல நிக்குறதால உயரம் பிரச்சினை இல்லை. ஆனா ரெண்டுக்கும் டேங்க் முதுகுப்பக்கம், மேல தூக்கித்தான் எடுக்கணும். மேல் கப்போர்டு ஆழம் 12–13 அங்குலம் இருக்கும்னு வச்சுக்கிட்டா, மெஷினைச் சுவரோட ஒட்டி வச்சீங்கன்னா டேங்கைத் தூக்கும்போது கப்போர்டுல இடிக்கும். மேடை 24 அங்குலம் இருக்கே, 33 செ.மீ. ஆழ மெஷினை முன்னால தள்ளி வைங்க. ஸ்டீம் குழாயும் கப்போர்டு நிழலை விட்டு வெளிய வந்துடும். அது முக்கியம். தினம் ஆவி பட்டா பிளைவுட் அடிப்பக்க லேமினேட் விளிம்புல இருந்து உரிய ஆரம்பிக்கும். அடிப்பலகைக்கு ஒரு அலுமினியத் தகடு ஒட்டிட்டா அந்தக் கவலையும் இல்லை.

யாரும் அளக்காத அளவு ஒண்ணு இருக்கு: கைப்பிடி. போர்ட்டாஃபில்டரை (தூள் போட்டு மெஷின்ல மாட்டுற கைப்பிடிக் கரண்டி) இடதுபக்கமாச் சாய்ச்சு மாட்டி, நடுவுக்குத் திருப்பித்தான் இறுக்கணும். உங்களுக்குச் சுவர் இடதுபக்கம். சுவரோட ஒட்டி வச்சா கைப்பிடியும் விரல் முட்டியும் டைல்ஸ்ல மோதும். மெஷினுக்கு இடப்பக்கம் 15 செ.மீ. விடுங்க. மூலையில கிரைண்டர், அடுத்து அந்த 15 செ.மீ. இடைவெளி, அடுத்து மெஷின்னு வச்சா, இடைவெளியே தூள் அழுத்துற இடமாயிடும். மொத்தம் 46 செ.மீ. போகும். 32 அங்குலத்துல அடுப்புப் பக்கம் இன்னும் 35 செ.மீ. மிஞ்சும்.

நாலு கிலோ மெஷின் பாலிஷ் கிரானைட்ல வழுக்கும். இறுக்கும்போது ஒரு கை மெஷின் மேல இருக்கணும், அடியில ரப்பர் மேட் போடுங்க. தூளை மேடை விளிம்புல வச்சு அழுத்தாதீங்க, விளிம்பு சில்லு பேந்துடும்.

வாங்குறதுக்கு முன்னாடி செய்தித்தாளை மெஷின் அளவுக்கு வெட்டி, மேடையில டேப் போட்டு ஒட்டிட்டு ரெண்டு நாள் சமைச்சுப் பாருங்க. தோசைக்கல் எங்க போய் நிக்குதுன்னு அப்போ தெரியும்.

வயர்மேன்_கேஜிஐ

கரண்ட் பக்கம் நான் சொல்றேன்.

மெஷின் 1,350 வாட்னு வச்சுக்கிட்டா, அதை 230 வோல்ட்டால வகுத்தா 5.9 ஆம்ப். 6 ஆம்ப் சாக்கெட்ல ஓடும்னு கடைக்காரர் சொல்வார், ஓடவும் ஓடும். ஆனா பழைய சாக்கெட்ல கிளிப் தளர்ந்து, தினம் ரெண்டு வேளை சூடேறி, கொஞ்ச நாள்ல பின் பக்கம் பழுப்பாகி உருகும். 16 ஆம்ப் பாயிண்ட்டே போடுங்க. இண்டக்‌ஷனோட மல்டிபிளக் போட்டு சேர்த்துக்க வேண்டாம். 2,000 வாட் இண்டக்‌ஷன் 8.7 ஆம்ப், மெஷின் 5.9, ரெண்டும் சேர்ந்தா 14.6. எம்சிபி தாங்கும், மல்டிபிளக் தாங்காது. தனியா 16 ஆம்ப் பாயிண்ட் இழுங்க, 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாத வயர், எர்த் கண்டிப்பா. பாயிண்ட் மெஷினுக்கு நேர் பின்னால வேண்டாம். பக்கவாட்டுல, மேடைக்கு மேல 8–9 அங்குலத்துல இருந்தா ஆவியும் படாது, அவசரத்துக்குக் கையும் எட்டும்.

இறக்குமதி மெஷின் சிலதுல ஐரோப்பா ரக ரெண்டு தடிப்பின் பிளக் வரும். அதோட எர்த் பக்கவாட்டு உலோகப் பட்டையில இருக்கு. நம்ம சாக்கெட்ல சொருகினா மெஷின் ஓடும், எர்த் மட்டும் சேராது. தண்ணி, சூடு, உலோக உடம்பு மூணும் ஒண்ணா இருக்கிற சாமான் இது. பிளக்கை வெட்டிட்டு 16 ஆம்ப் மூணு பின் டாப் மாட்டுங்க. இல்லைன்னா சரியான எர்த் அடாப்டர் வாங்குங்க.

அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. 120 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கலாம், 60 ஹெர்ட்ஸை என்ன பண்றது? வீட்டு மெஷின்ல இருக்கிறது அதிர்வு பம்ப், கரண்ட்டோட அலைக்கு ஏத்தபடிதான் அடிக்கும்.

அடுத்தது வோல்டேஜ். ஹீட்டர் சக்தி வோல்டேஜோட இருமடிப் பெருக்கத்துல குறையும். 230-ல 1,350 வாட் குடுக்கிற ஹீட்டர் 180-ல சுமார் 830 வாட்தான் குடுக்கும். காலையில போர் மோட்டார் ஓடும்போது மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. "ஸ்டீம் தண்ணியா வருது, நுரை வரல"ன்னு வர்ற புகார்ல பாதி மெஷின் கோளாறே இல்லை, வோல்டேஜ். 200-க்குக் கீழ அடிக்கடி இறங்கினா 2 கேவிஏ ஸ்டெபிலைசர் போடுங்க. ஃப்ரிட்ஜோட 500 விஏ டப்பா இதுக்கு ஆகாது. இன்வெர்ட்டர்ல ஓட்டாதீங்க, சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த லோடைத் தாங்காது. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச்) டிரிப் ஆனா பைபாஸ் பண்ணிட்டு காபி போடாதீங்க. ஹீட்டர் உள்ள ஈரம் இறங்கியிருக்கும், இல்லை பாய்லர்ல கசிவு இருக்கும்.

தண்ணிக்_கணக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் காபி மெஷின் சாகறது பெரும்பாலும் தண்ணியாலதான். அதனால விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் மெஷினுக்குள் வெள்ளையாகப் படிவது ஃப்ளோரைடு அல்ல, கால்சியம் கார்பனேட். ஃப்ளோரைடு உங்கள் பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது, கடினத்தன்மை மெஷினுக்கு ஆகாது. ஒன்றை அளந்து இன்னொன்றைத் தெரிந்துகொள்ள முடியாது. டிடிஎஸ் பேனா இரண்டையுமே காட்டாது. மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மட்டும் உத்தேசமாகச் சொல்லும்.

மீன் தொட்டிக் கடையில் ஜிஎச், கேஎச் என்று இரண்டு சொட்டு மருந்துச் சோதனைக் குப்பிகள் கிடைக்கும். 5 மி.லி. தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ணுங்கள். ஒரு சொட்டு சுமார் 18 பிபிஎம் (லிட்டருக்கு 18 மில்லிகிராம்). ஜிஎச் மொத்தக் கடினத்தன்மை, கேஎச் காரத்தன்மை. எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஜிஎச் 3 முதல் 5 சொட்டு, கேஎச் 2 முதல் 4 சொட்டு இருந்தால் ருசியும் வரும், படிவும் மெதுவாகத்தான் ஏறும். குடிநீருக்கான இந்தியத் தரம் 10500 கடினத்தன்மை 200 வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. குடிக்க அது சரி. மெஷினுக்கு 200-ஏ அதிகம். தெர்மோபிளாக் என்பது தண்ணீர் ஓடும்போதே சூடாகும் மெல்லிய குழாய்ப் பாதை, அதில் படிவு ஏறினால் முதலில் ஸ்டீம் குறையும், அப்புறம் பம்ப் சத்தம் மாறும், கடைசியில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அப்படியானால் ஆர்ஓ தண்ணீரையே ஊற்றலாமே? அதிலும் சிக்கல் உண்டு. டிடிஎஸ் 20, 30 என்று இறங்கிய தண்ணீரில் காபி வெறும் புளிப்பாக, சாரமில்லாமல் இறங்கும். காரத்தன்மை இல்லாத தண்ணீர் பித்தளை, அலுமினியம், செம்பு பாகங்களை அரிக்கவும் செய்யும். உடனே எல்லோரும் செய்வது, ஆர்ஓ பெட்டிக்குள் இருக்கும் டிடிஎஸ் திருகைத் திறந்துவிடுவது. போர் தண்ணீரில் ஓடும் ஆர்ஓவில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தத் திருகு சவ்வைத் தாண்டாத தண்ணீரைத்தான் கலக்கிறது, அதாவது நீக்கிய ஃப்ளோரைடைத் திரும்ப உள்ளே விடுகிறது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஒகேனக்கல் தண்ணீரை வடிகட்டி ஆர்ஓவோடு கலப்பது. அது காவிரி நீர், கடினத்தன்மை ஓரளவு இருக்கும், அதுதான் நமக்கு வேண்டும். சொட்டுக் கணக்கு எடுத்துவிட்டு விகிதம் போடலாம். இரண்டு, ஆர்ஓவில் ஆப்ப சோடா. தராசில் 8.4 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கான ஒவ்வொரு லிட்டருக்கும் அதிலிருந்து 10 மி.லி. அப்போது லிட்டருக்கு 84 மில்லிகிராம் சோடா சேரும், காரத்தன்மை 50 பிபிஎம் கூடும். டிடிஎஸ் பேனா 30-லிருந்து 75–80க்கு ஏறும். கால்சியமே இல்லாததால் படிவு கிட்டத்தட்ட வராது. பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதைப் போட்டுவிடாதீர்கள்.

படிவு நீக்குவது: மெஷின் நிறுவனம் தரும் கரைசல் இருந்தால் அதுவே போதும். எலுமிச்சை உப்பு என்றால் லிட்டருக்கு 30 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கால்சியம் சிட்ரேட்டாகக் கட்டிக்கொண்டு குழாயை அடைக்கும். பாதி டேங்கை காபி வழியாகவும் ஸ்டீம் வழியாகவும் ஓட்டி, 15–20 நிமிடம் ஊறவிட்டு, மீதியை ஓட்டி, இரண்டு டேங்க் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வினிகர் வேண்டாம், ரப்பரில் வாசனை ஏறிவிடும். இதை கிரானைட் மேல் செய்யலாம். கடப்பா கல் மேடையிலோ மார்பிளிலோ செய்யக் கூடாது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் சொட்டிய இடமெல்லாம் வெளுத்துக் குழியாகும்.

ஓசூர்_பாஸ்கெட்

தண்ணி, கரண்ட், இடம் மூணையும் சொல்லிட்டாங்க. மெஷினுக்கு வருவோம்.

பெட்டி மேல 15 பார், 20 பார்னு பெருசா போட்டிருப்பாங்க. அது பம்ப்போட உச்ச அழுத்தம். காபி இறங்க வேண்டியது 9 பார்ல. 20 பார் பார்த்து ஏமாறாதீங்க. 800 வாட், கண்ணாடி ஜாடி, பம்ப் இல்லாத ஸ்டீம் மெஷின்கள் 3–4 பார்லயே நின்னுடும். அது வெறும் கெட்டி டிகாக்‌ஷன், அதுக்கு உங்க பித்தளை ஃபில்டரே மேல்.

டெடிக்கா 15 செ.மீ. அகலம், 51 மி.மீ. பாஸ்கெட் (தூள் போடுற சல்லடைக் கிண்ணம்), தெர்மோபிளாக். கூட வர்றது அழுத்த பாஸ்கெட், அதாவது அடியில ஒரே ஒரு நுண்துளை இருக்கிற ரெட்டைச் சுவர் வகை. கடைத் தூளுக்கும் நுரை வரும். ஆனா அந்த நுரை துளை பண்ற வேலை, காபி பண்றது இல்லை. நல்ல கிரைண்டர் வந்த பிறகு ஒற்றைச் சுவர் பாஸ்கெட் வாங்கினா ரெட்டை ஷாட்டுக்கு 14 கிராம் போடலாம்.

ஸ்மெக்கும் அதே 15 செ.மீ. ஒல்லி வகை, 1,350 வாட் தெர்மோபிளாக், ஒரு லிட்டர் டேங்க். கூடுதல் காசு முழுக்க உடம்புக்கும் வளைவுக்கும். அதுல தப்பில்லை, பார்க்க ஆசையா இருக்கிற சாமான்தான். ஆனா 50,000-ல அதை எடுத்தா கிரைண்டருக்கு மிச்சம் இருக்காது. கிரைண்டர் இல்லாத எஸ்பிரெஸ்ஸோ மெஷின் அலமாரி பொம்மை.

பாம்பினோ 16 செ.மீ., 54 மி.மீ., 16–18 கிராம். மூணு செகண்ட்ல சூடாகும்னு விளம்பரம், உண்மைதான். ஆனா சூடாகுறது தண்ணி, தலை இரும்பு இல்லை. முதல் காபிக்கு முன்னாடி காலி போர்ட்டாஃபில்டரை மாட்டி ஒரு தடவை வெறும் தண்ணி ஓட்டுங்க. கோப்பையும் அதுலயே சூடாகும். வாங்குறப்போ ஒற்றைச் சுவர் பாஸ்கெட் பெட்டிக்குள்ள இருக்கான்னு கேட்டுக்கோங்க.

காஜியா கிளாசிக் இந்த வரிசையில ரொம்ப நாள் உழைக்கிற மெஷின். சுமார் ஒன்பது கிலோ எடை, 58 மி.மீ., உள்ள மூணு வழி சோலினாய்டு வால்வு. அதனால காபி முடிஞ்சதும் அழுத்தம் கீழ இறங்கி சக்கை காய்ஞ்ச வில்லையா வெளிய வரும். 58-க்கு பாஸ்கெட், கேஸ்கெட், ஷவர் சல்லடை எதுவும் எங்கேயும் கிடைக்கும். ஆனா உண்மையா சூடாக 15 நிமிஷம் ஆகும். பழைய மாடல்கள்ல பாய்லர் சுமார் 100 மி.லி.தான், நாலு பேர் பாலுக்கு மூச்சு வாங்கும். உங்க 43 செ.மீ. இடைவெளிக்கும், மொத்த பட்ஜெட்டுக்கும் இது ஒத்துவராது.

அதனால என் ஓட்டு பாம்பினோ, கூட கைக்கிரைண்டர் இல்லை எஸ்பிரெஸ்ஸோ அளவுக்கு நைசா போற சின்ன எலெக்ட்ரிக் பர் கிரைண்டர் (ரெண்டு பல்தட்டுக்கு நடுவுல அரைக்கிறது). பட்ஜெட்ல மூணுல ஒரு பங்கை கிரைண்டருக்கு ஒதுக்கிட்டு மிச்சத்துல மெஷின் பாருங்க. மிக்ஸி வேண்டாம், பிளேடு பாதியை மாவாக்கும், பாதியை ரவையா விடும். மாவு அடைக்கும், ரவை வழியா தண்ணி ஓடும்.

சிக்கரித் தூளை ஒற்றைச் சுவர் பாஸ்கெட்ல போடாதீங்க. சிக்கரி தண்ணி பட்டதும் பிசினா மாறும், தண்ணி ஒரே பக்கம் துளைச்சுக்கிட்டு பீய்ச்சும், ஷவர் சல்லடையில ஒட்டிக்கும். கலக்காத கொட்டை வாங்குங்க. ஏற்காட்டு அரபிகா பக்கத்துலயே இருக்கு. பாலுக்கு அது தனியா மெலிசா தெரியும், மூணுல ஒரு பங்கு ரோபஸ்டா சேர்த்த மீடியம் டார்க் வறுவல் கேளுங்க. வறுத்த தேதி போடாத பாக்கெட் வேண்டாம். வறுத்து ஒரு வாரத்துல இருந்து ஒரு மாசம் வரைக்கும் நல்ல காலம்.

ஆரம்ப அளவு: 17 கிராம் தூள், 34 கிராம் காபி, பம்ப் ஆன் பண்ணதுல இருந்து 25–30 செகண்ட். 15 செகண்ட்லயே வந்து புளிச்சா இன்னும் நைசா அரைங்க. 45 தாண்டி சொட்டிக் கசந்தா கொஞ்சம் பெருசா. நேரம் சரியா இருந்தும் பக்கவாட்டுல பீய்ச்சினா தூள் கட்டி கட்டியா விழுது, அழுத்தம் சாய்வா இருக்குன்னு அர்த்தம். ஊசியால கிளறிவிட்டு நேரா அழுத்துங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

லீவர்_பிரியர்

லா பவோனிக்காக யாரும் வாயைத் திறக்கலையே! யூரோப்பிக்கோலா 1961-ல இருந்து வர்ற மாடல். பம்ப் கிடையாது, கையழுத்தம்தான். 0.8 லிட்டர் பாய்லர், குரோம் உடம்பு. கருப்பு கிரானைட் மேல அதைவிட அழகா எதுவும் நிக்காது, இதை யார் மறுத்தாலும் ஒத்துக்க மாட்டேன்.

ஆனாலும் உங்க வீட்டுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். பாய்லர் வெளியவே தெரியுது, தொட்டா சுடும், குழந்தைங்க எட்டுற மேடைன்னா யோசிக்கணும். மேல் மூடியை அழுத்தம் இருக்கும்போது திறக்கவே கூடாது. அதனால நடுவுல தண்ணி தீர்ந்தா அணைச்சு, ஸ்டீமை வெளிய விட்டு, ஆறவச்சுத்தான் ஊத்த முடியும். ரெண்டு மூணு காபிக்கு மேல தொடர்ந்து போட்டா தலைப்பகுதி சூடேறி கசப்பு வரும். நாலு பேருக்கு ஒரே நேரத்துல பால் காபிங்கிற கணக்குக்கு இது தோதுப்படாது. தனியா உட்கார்ந்து ஒண்ணு போட்டுக் குடிக்கிறவங்களுக்கு.

மாடுலர்_தர்மபுரி

பார்க்க லட்சணமா இருக்கணும்னு சொன்னீங்க, கலர் பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. கருப்பு கிரானைட்ல மேட் கருப்பு மெஷின் படத்துல அழகா இருக்கும், நேர்ல காபித்தூளும் பால் தெளிச்சதும் அப்படியே தெரியும். க்ரீம் கலர் மேடையில எடுப்பா நிக்கும். ஆனா தாளிக்கிற எண்ணெய்ப் புகை மேல படிஞ்சு பிசுக்காகி, அதுல தூசி ஒட்டி, ஆறு மாசத்துல மங்கின மஞ்சளாகும். அடுப்புல இருந்து 35 செ.மீ.தான் உங்களுக்கு. சிம்னி இல்லைன்னா க்ரீம் வேண்டாம்.

தண்ணிக்_கணக்கு

இதில் ஒத்துப்போக முடியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு பாத்திரம் கழுவும் திரவம் நனைத்த ஈரத்துணியில் போய்விடும், வாரம் ஒருமுறை துடைத்தால் க்ரீமும் நிற்கும். எவர்சில்வர்தான் இங்கே தொல்லை. கடின நீர்ச் சொட்டு காய்ந்த ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைப் புள்ளி, துடைத்தால் கீறல். மெஷினைத் துடைக்கவும் ஆர்ஓ தண்ணீர்த் துணியே வேண்டும்.

பாலக்கோடு_மேடை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அளந்துட்டேன். காலையில சாதாரணமா 205 வோல்ட், மோட்டார் ஓடினா 188. ஆர்ஓ தண்ணி ஜிஎச் 1, கேஎச் 1. ஒகேனக்கல் தண்ணி ஜிஎச் 8, கேஎச் 7. வீட்ல ஸ்டீல் கலர் பாம்பினோவுக்கு ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு சந்தேகம். பால்காரர்கிட்ட வாங்குற கறந்த பாலை நேரா ஸ்டீம் பண்ணலாமா? அப்புறம், கடையில குடிக்கிறப்போ எஸ்பிரெஸ்ஸோ பால் காபி சூடே இல்லாம இருக்கே, அப்பாவுக்கு அது பிடிக்காது.

வயர்மேன்_கேஜிஐ

188-ல 1,350 வாட் மெஷின் சுமார் 900 வாட்தான் இழுக்கும். மோட்டாரையும் காபியையும் ஒரே நேரத்துல போடாம இருக்க முடிஞ்சா ஸ்டெபிலைசர் தேவையில்லை, 205 ஓட்டும். முடியாதுன்னா 2 கேவிஏ. எடுக்கிற மெஷினோட அடியில இருக்கிற வாட் அளவைப் பார்த்துக்கோங்க, 1,600-க்குப் போனா அதுக்குத் தக்கபடி ஸ்டெபிலைசரும் பெருசாகணும்.

தண்ணிக்_கணக்கு

ஆர்ஓ இரண்டு பங்கு, ஒகேனக்கல் ஒரு பங்கு. ஜிஎச் 3.3, கேஎச் 3 என்று வரும், இதைவிடச் சரியாக அமையாது. பிடித்து வைத்த தண்ணீர் என்பதால் கேண்டில் ஃபில்டரில் வடித்துவிட்டுக் கலக்குங்கள். மழைக்காலத்திலும் கோடையிலும் ஒருமுறை சொட்டு எண்ணிப் பாருங்கள், ஆற்று நீர் ஒரே மாதிரி இருக்காது. இந்தக் கலவைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு படிவு நீக்கம் போதும், அதற்குள் மெஷின் விளக்கு எரிந்தால் எரிந்தபோது.

ஓசூர்_பாஸ்கெட்

கறந்த பாலை நேரா ஸ்டீம் பண்ணாதீங்க, 65 டிகிரி ஒரு நிமிஷம் கூட நிக்காது, கிருமி சாகாது. காய்ச்சி, ஆறவச்சு, ஃப்ரிட்ஜ்ல வச்சு, ஊத்தும்போது ஆடையை வடிகட்டிடுங்க. ஆடை ஒரு துணுக்கு உள்ள போனாலும் நுரை கட்டி கட்டியாகும். ஆவின் பாக்கெட் ஏற்கெனவே பாஸ்சரைஸ் பண்ணது, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஸ்டீம் பண்ணலாம். ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதக் கொழுப்பு, கெட்டியா வழுவழுப்பா வரும். நீலம் 3 சதவீதம், நுரை நிறைய ஏறும், கெட்டித்தன்மை இருக்காது. நம்ம பால் காபிக்கு ஆரஞ்சு.

350 மி.லி. ஜாடியில 180 மி.லி. பால். குழாயை முதல்ல ஒரு தடவை திறந்து தேங்கின தண்ணியை வெளிய விடுங்க. நுனி பால் மட்டத்துக்குச் சற்றே கீழ, காகிதம் கிழியுற மாதிரி சத்தம் அஞ்சு செகண்ட், அப்புறம் நுனியை உள்ள இறக்கி பால் சுழலட்டும். ஜாடியைத் தொட்டு கை பொறுக்காத நேரம் 60-ஐ ஒட்டி இருக்கும். அப்பாவுக்கு 70 வரை போங்க. அதுக்கு மேல நுரை உடையும், காய்ச்சின பால் வாசனை வரும். மிச்ச சூட்டை டம்ளர்ல ஏத்துங்க: எவர்சில்வர் டம்ளர்ல கொதிநீர் ஊத்தி ஒரு நிமிஷம் வச்சுட்டு, கொட்டிட்டு, உடனே காபி. குளிர்ந்த டம்ளர் சூட்டை அப்படியே உறிஞ்சிடும், கடையில ஆறிப்போறதுக்குப் பாதிக் காரணம் அந்தக் குளிர்ந்த கோப்பை. முடிஞ்ச நொடியே குழாயை ஈரத்துணியால துடைச்சு ஒரு தடவை ஸ்டீம் விடுங்க. விட்டா பால் உள்ள இழுத்து காய்ஞ்சு துளை அடையும்.

நாலு பேருக்கும் ஒரே நேரத்துல வேணும்னா கணக்கு இதுதான்: ரெட்டை ஷாட் ரெண்டு, ஒவ்வொண்ணையும் ரெண்டு டம்ளருக்குப் பிரிச்சு, பால் ரெண்டு ஜாடி. எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம். விருந்தாளி வந்து எட்டு பேரானா ஃபில்டரை எடுங்க, மெஷினோட மல்லுக்கட்ட வேண்டாம்.

ராத்திரி சொட்டுத் தட்டைக் காலி பண்ணி கவுத்து வைங்க. பால், சர்க்கரை, வெதுவெதுப்பு மூணும் இருக்கிற இடத்துக்கு எறும்பு ஒரே ராத்திரியில வரும். கரப்பான் வந்தா மெஷினுக்குள்ள சர்க்யூட் போர்டு பக்கம் போய்க் குடியேறும், அது வாரண்டியில வராது. அப்புறம், அட்டைப்பெட்டியையும் தெர்மக்கோலையும் வாரண்டி முடியற வரை லாஃப்ட்ல போட்டு வைங்க. சர்வீஸ்னா பெரும்பாலும் பெங்களூருதான், கூரியர்ல போகணும்.

பாலக்கோடு_மேடை

பெட்டி வைக்க லாஃப்ட்ல இடம் இருக்குங்க. எலெக்ட்ரீஷியன் பாயிண்ட் போட்டு முடிச்சதும் ஆர்டர் பண்றேன். கிரைண்டர் மட்டும் கையா எலெக்ட்ரிக்கான்னு இன்னும் முடிவாகலை.

ஓசூர்_பாஸ்கெட்

17 கிராம் நைசா அரைக்க நல்ல கைக்கிரைண்டர்ல ஒரு நிமிஷம் ஆகும். காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை. அப்பாவே காபி போடுவார்னா எலெக்ட்ரிக். நீங்க போடுறீங்கன்னா கைக்கிரைண்டர், மிச்சக் காசுக்கு 0.1 கிராம் தராசும் ஜாடியும் வந்துடும்.